போயிட்டு வாங்க

ரேடியோவில் எங்களுக்கு இரண்டு வார்த்தைகள் போதும். 'வா' என்றால் பந்தயப் பாதையிலிருந்து பிரிந்து பிட்டுக்குள் வந்து நிற்க வேண்டும். பிட் என்பது பாதையை ஒட்டி வரிசையாக இருக்கும் கொட்டகைகள். டயர் மாற்றுவது அங்கேதான். 'போ' என்றால் அந்தப் பக்கமே திரும்பாமல் காலை அழுத்த வேண்டும். மற்றதெல்லாம் வெறும் பேச்சு.

இந்த ஏற்பாடு என் மனைவி செய்தது. பந்தயத்தின்போது பிட் சுவர் ஓரம் உட்கார்ந்து என் காதுக்குள் பேசுவது அவள் வேலை. அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்த முதல் பந்தயத்தில், வண்டிகள் கிளம்பும் நேரத்தில், "போயிட்டு வா" என்றாள். எஞ்சின் இரைச்சலில் முன்பாதி போய்விட்டது. நான் ஒரு சுற்று சுற்றிவிட்டு உள்ளே வந்து நின்றேன்.

"எதுக்குடா வந்த?"

"நீதானே வான்னு சொன்ன?"

"அது வர்ற வா இல்லடா. போற வா."

அன்றைக்கு நான் கடைசி.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. வளர்ந்த வீடு அப்படி. அவள் அப்பா முன்னால் யாரும் யாரையும் 'போ' என்று மொட்டையாக அனுப்ப முடியாது. குப்பை கொட்டப் போகிறவருக்கும் 'போயிட்டு வாங்க'தான். ஒருமுறை வாசலில் பிளாஸ்டிக் வாளி விற்க வந்தவரை, எதுவும் வேண்டாம் என்று சொல்லி, அப்படியே அனுப்பிவைத்தாராம். மறுநாள் காலை அந்த ஆள் வாளிகளோடு வந்து நின்றார். "நீங்கதானே சார் வரச் சொன்னீங்க." மாமா இரண்டு வாளி வாங்கினார்.

அதனால் வெறும் 'போ'வை அவள் சொல்லிப் பழக வேண்டியிருந்தது. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, அந்த இரைச்சலுக்கு மேல் போ, போ என்று கத்திக்கொண்டிருப்பாள். முதல் நாள் உள்ளே பாம்பு வந்துவிட்டது என்று நினைத்துக் கதவைத் தட்டினேன்.

போன வருஷம் ஆபரேஷனுக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போனபோது, "போயிட்டு வரேன்" என்றாள். ஏழு வருஷத்தில் அவள் என்னிடம் சொல்லிவிட்டுச் செய்யாதது அது ஒன்றுதான்.

பதினொரு மாதம் ஆகிறது.

மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். சொந்தமாக ஒரு டிரைவிங் ஸ்கூல், ஒரு கார். அந்தக் காரில் கற்பவருக்கு ஒரு பிரேக், மாமாவுக்கு ஒரு பிரேக். முப்பத்தாறு வருஷமாக அந்த இரண்டாவது பிரேக்கின் மேல் கால் வைத்தே உட்கார்ந்திருக்கிறார். பெண் கேட்டுப் போனபோது என்னிடம் விசாரித்தார்.

"என்ன வேலை பாக்குறீங்க?"

"கார் ஓட்டுறேன்."

"யாருக்கு?"

"யாருக்கும் இல்ல. பந்தயத்துல."

அவர் யோசித்தார். "அப்ப எங்கயிருந்து எங்க போவீங்க?"

"வட்டப் பாதை. கிளம்பின இடத்துக்கே வந்துருவேன்."

"ஏறின இடத்துலயே இறங்குறதுக்கு எதுக்குத் தம்பி இவ்வளவு வேகம்?"

இதற்குப் பன்னிரண்டு வருஷத் தொழிலில் எனக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. பெண் கொடுத்தார். பந்தயம் பார்க்க மட்டும் வந்ததில்லை. நாற்பதைத் தாண்டும் எதையும் அவரால் பார்க்க முடியாது.

பத்தொன்பது வயதில் ஓட்ட ஆரம்பித்தேன். பொறியியல் படிப்பை முடித்தது அம்மாவுக்காக. இரண்டு முறை முதலாவதாக வந்திருக்கிறேன். இருபத்தாறு முறை நாலாவது. நாலாவது வருவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. பிட்டில் என் பெயரே 'நாலு'. முதல் மூன்று பேருக்குக் கோப்பை. நாலாவது ஆளுக்குக் குளிக்கச் சீக்கிரம் இடம் கிடைக்கும்.

இந்த வருஷம் நாலும் போனது. ஒன்பது, பதினொன்று, பதின்மூன்று என்று வந்துகொண்டிருந்தேன். ரேடியோவுக்கு மூன்று பேர் வந்தார்கள். முதல் ஆள், ஓட்டுகிறவர் பதில் பேசுவதே இல்லை, எனக்குச் சுவரோடு பேசுவதுபோல் இருக்கிறது என்று போய்விட்டார். இரண்டாவது ஆளும் அதையே சொன்னார், சுவருக்குப் பதில் கிணறு என்றார். மூன்றாவது ஆள் கொஞ்சம் தாக்குப்பிடித்தார். நடுவில் ஒருமுறை முதலாளியே ரேடியோவை வாங்கிப் பேசினார். பந்தய அலுவலகத்தில் எல்லா ரேடியோவையும் கேட்பார்கள். இனி அவரைப் பேச விடக்கூடாது என்று எழுத்தில் கொடுத்துவிட்டார்கள்.

கடைசிப் பந்தயத்துக்கு முந்தைய வாரம் முதலாளி என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர். லாரி டயர் வியாபாரம்.

"இங்க பாருப்பா நாலு. எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா மனசு கஷ்டத்துல வண்டி ஓடாது. கடைசிப் பந்தயத்துல முதல் ஆறுக்குள்ள வந்துரு. இல்லன்னா அடுத்த வருஷம் வேற ஒருத்தரை உட்கார வைக்கிறதா இருக்கேன்."

"சரி."

"சரின்னா, வருவியா, இல்ல வேற ஆளை வைக்கட்டுமா?"

"சரி."

"இதுக்குத்தாம்பா ரேடியோக்காரங்க ஓடுறாங்க."

எனக்கு வேறு வேலை தெரியாது என்பது ஒரு பக்கம். அந்த இருக்கையில் உட்கார்ந்திருக்கும் ஒரு மணி நேரம்தான் நான் எதையும் நினைக்காத நேரம். அதுவும் போனால் மிச்சம் இருப்பது வீடு.

பந்தய நாள் காலை மூன்றாவது ரேடியோக்காரர் வரவில்லை. வேறு அணியின் சட்டையில், அவர்களுடைய சிவப்பு வண்டி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். எங்களைப் பார்த்துக் கையசைத்தார். மெக்கானிக் மட்டும் பதிலுக்குக் கையசைத்தார். கையில் ஸ்பானர் இருந்தது.

அப்போதுதான் மாமா வந்தார். பஸ்ஸில். ஒரு துணிப்பையில் வெந்நீர் பிளாஸ்கும் ஒரு நோட்டும்.

"அலமாரியில இருந்துச்சு மாப்பிள்ளை. இன்னைக்கு உங்களுக்கு இங்கதான் பந்தயம்னு பேப்பர்ல போட்டிருந்தான். குடுத்துட்டுக் கிளம்பிடறேன்."

அவளுடைய நோட்டு. சிகிச்சைக்காக அப்பா வீட்டில் இருந்த கடைசி மாதங்களில் எழுதியது. இதே பாதை. பன்னிரண்டு வளைவுகளையும் வரைந்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரே எழுத்து போட்டிருந்தாள். அ, ச, ப, அ. மெக்கானிக் வாங்கி நேராகவும் தலைகீழாகவும் பார்த்தார். முதலாளி பார்த்தார். எனக்கும் புரியவில்லை. அவள் நோட்டை அவளே வைத்துக்கொண்டுதான் பேசுவாள்.

"இதுல புரியாம என்ன இருக்கு?" என்றார் மாமா. "நம்ம ஸ்கூல் மார்க்கு. கத்துக்க வர்றவங்க கார்டுல தினம் ஒரு எழுத்து போடுவேன். 'அ'ன்னா அவசரப்படுறான். 'ப'ன்னா பயப்படுறான். 'ச'ன்னா சரி. சின்ன வயசுல அவதான் எனக்கு நிரப்பிக் குடுப்பா." நோட்டைத் திருப்பிப் பார்த்தார். "மாப்பிள்ளைக்கு நிறைய 'அ' இருக்கு."

முதலாளி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "வாத்தியாரே, உங்களுக்குக் குரல் நல்லா இருக்கே."

"முப்பத்தாறு வருஷமா ஓடுற வண்டியில பேசியிருக்கேன்."

"உட்காருங்க."

காதுக்கருவியை மாட்டிவிட்டு மெக்கானிக் பாடம் எடுத்தார். "வாத்தியார் சார், ரொம்ப சுலபம். டயர் தேஞ்சா நான் கை காட்டுவேன். நீங்க பிட்டுக்கு வரச் சொல்லணும்."

மாமா முகம் மாறியது. "பிட்டா? நான் எத்தனையோ பேருக்கு எழுத்துப் பரீட்சை நடத்தியிருக்கேன். ஒருத்தனையும் பிட் அடிக்க விட்டதில்ல. மாப்பிள்ளை நேர்மையா ஓட்டட்டும்."

"சார், பிட்டுங்கிறது நீங்க நிக்கிற இடம்."

"ஓ."

வண்டிகள் வரிசையில் நின்றன. எட்டாவது இடம் எனக்கு. மேலே சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தன.

"மாப்பிள்ளை, கேக்குதா?"

"கேக்குது மாமா."

"சாப்பிட்டீங்களா?"

"இன்னும் பத்து நொடிதான் மாமா இருக்கு."

"அதுக்குள்ள என்னத்தச் சாப்பிட? சரி, சீட் பெல்ட் போட்டாச்சா?"

விளக்கு அணைந்தது. எல்லோரும் பாய்ந்தோம்.

முதல் சுற்று முழுக்க அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்ததாக மெக்கானிக் பின்னால் சொன்னார். இரண்டாவது சுற்றில் குரல் வந்தது.

"பின்னாடி சிவப்பு வண்டி ஒண்ணு ரொம்ப ஒட்டி வருது. அவருக்கு என்ன அவசரமோ. வழி விட்டுருங்களேன்."

"மாமா, இங்க எல்லாருக்கும் அவசரம்தான்."

"அப்படியா? சரி. மூணாவது வளைவு வருது. 'அ' போட்டிருக்கா."

கொஞ்சம் முன்னாலேயே பிரேக் பிடித்தேன். வளைவிலிருந்து வண்டி வழுக்காமல் வெளியே வந்தது. முன்னால் போனவர் வழுக்கினார். தாண்டினேன்.

"நாலாவது 'ச'. அஞ்சாவது 'அ'. அஞ்சாவதுல ரெண்டு தடவை 'அ' போட்டு அடிக்கோடு வேற போட்டிருக்கா."

அஞ்சாவதில் நான் இரண்டு முறை சுவரில் மோதியிருக்கிறேன். அடிக்கோடு நியாயமானது.

"ஏழாவது 'ச'. ஏழாவதுல மாப்பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லைங்கிறா."

பத்தாவது சுற்றில் ஐந்தாவது இடத்தில் இருந்தேன். பதினொன்றில் யாரோ ஒருவர் மணலில் போய்ப் புதைந்தார். அந்த வண்டியை எடுக்கும்வரை சேஃப்டி கார் வந்தது. மஞ்சள் விளக்கோடு முன்னால் மெதுவாகப் போகும், நாங்கள் எல்லோரும் ஒருவரையும் முந்தாமல் வரிசையாகப் பின்னால் போக வேண்டும்.

மாமா குரலில் முதல் தடவையாக நிம்மதி. "யார் மாப்பிள்ளை இவர்? இவர் ஒருத்தர்தான் ஒழுங்கா ஓட்டுறார்."

"அது பந்தய வண்டி இல்ல மாமா."

"எல்லாரும் இவர் பின்னாடி எவ்வளவு அடக்கமா வர்றீங்க. முதல்லயே இவரை விட்டிருக்கலாம்."

இரண்டு சுற்று அப்படிப் போனோம். அவர் பிளாஸ்கைத் திறந்து வெந்நீர் குடிக்கும் சத்தம்கூடக் கேட்டது. பிறகு சேஃப்டி கார் விலகியது. மேலே பச்சை விளக்கு விழுந்தது. எல்லா எஞ்சினும் ஒரே நேரத்தில் அலறின. அந்த அலறலுக்கு நடுவில் என் காதில் தெளிவாக விழுந்தது ஒரே வார்த்தை.

"... வாங்க."

ஏழு வருஷப் பழக்கம். கை தானாகத் திருப்பியது. பிட்டுக்குள் வந்து நின்றேன்.

மெக்கானிக் ஒரு டயர்மேல் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். பிஸ்கட்டைப் பார்த்தார்.

"ஏன் வந்தீங்க?"

"கூப்பிட்டாங்க."

"யாரு?"

சுவர் ஓரத்திலிருந்து மாமா எழுந்து நின்றார். "நான் கூப்பிடலையே. நல்லபடியா போயிட்டு வாங்கன்னுதானே சொன்னேன்."

முதலாளி இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டு கொட்டகைக்குள் போய் நின்றார். மெக்கானிக் மிச்ச பிஸ்கட்டை வாயில் போட்டுக்கொண்டு ஜாக்கியை இழுத்தார். "வந்தது வந்துட்டாரு. மாத்தி விடுவோம்."

நான் ஹெல்மெட்டுக்குள் சிரித்துக்கொண்டிருந்ததாகப் பின்னால் மெக்கானிக் சொன்னார். தோள் குலுங்கியதாம். முதலில் அழுகிறேன் என்று நினைத்தாராம். எனக்கு நினைவில்லை.

நாலு புது டயர்களோடு வெளியே வந்தபோது பன்னிரண்டாவது இடம். பின்னால் யாரும் இல்லை. இன்னும் பன்னிரண்டு சுற்று.

"மாப்பிள்ளை."

"சொல்லுங்க மாமா."

"நான் எழுந்து போயிடட்டுமா?"

"வேண்டாம். வளைவைச் சொல்லுங்க."

சொன்னார். குரல் சுருங்கியிருந்தாலும் ஒரு வளைவுகூட விடவில்லை. மற்றவர்களின் டயர் தேய்ந்திருந்தது, என்னுடையது புதிது. பதினொன்று. பத்து. ஒன்பதாவதாகப் போனவர் அஞ்சாவது வளைவில் என்னைப் போலவே அவசரப்பட்டார். அவருக்கு அடிக்கோடு போட்டுச் சொல்ல ஆளில்லை. இருபத்திரண்டாவது சுற்றில் எட்டு. இருபத்துநாலில் ஏழு.

ஆறாவதாக எனக்கு முன்னால் போனது சிவப்பு வண்டி. கடைசிச் சுற்று.

"மாப்பிள்ளை, கடைசிப் பக்கத்துல கீழ பொடி எழுத்துல ஒண்ணு இருக்கு. கண்ணாடியைக் கழட்டிப் பக்கத்துல வச்சு இப்பதான் படிச்சேன். படிக்கட்டுமா?"

"படிங்க."

"'கடைசிச் சுற்று: போ மட்டும். அப்பா மாதிரி போயிட்டு வான்னு சொன்னா உள்ள வந்து நின்னுடுவான்.'"

மூன்றாவது வளைவு. அவர் எழுத்தைச் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

"'நின்னுடுவான்'னு எழுதியிருக்கா," என்றார் மாமா. "என்கிட்ட உங்களப் பத்திப் பேசினா, அவர் இவர்னுதான் பேசுவா."

"ரேடியோல டா போடுவா மாமா."

"டாவா?"

"ஆமா."

"எத்தனை வருஷமா?"

"ஏழு."

அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு. காதில் இரைச்சல் மட்டும். சிவப்பு வண்டியின் பின்புறம் கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருந்தது.

"பன்னிரண்டாவது வளைவு," என்றார். "அங்க 'ப' போட்டிருக்கா."

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் யாரிடமும் சொன்னதில்லை. கடைசி வளைவில், இறக்கத்தில், ஒவ்வொரு முறையும் கால் கொஞ்சம் தூக்கும். ஒரு நொடியில் கால்வாசி. இருபத்தாறு நாலாவது இடங்களும் அந்தக் கால்வாசியில் இருந்தன.

பதினொன்றாவது வளைவிலிருந்து வெளியே வந்தேன். இறக்கம். பிட் வாசல் இடது பக்கம் திறந்திருந்தது. காதில் அவர் மூச்சு விடுவது கேட்டது. பெண்ணை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டு போனபோது அவரும் என் பக்கத்தில்தான் நின்றார். போயிட்டு வாம்மா என்றுதான் சொன்னார். முழுதாக, ஒரு எழுத்து விடாமல்.

"போ..." என்றார். நின்றார். அடுத்த பாதி அவர் தொண்டையில் இருந்தது எனக்குக் கேட்டது.

பிறகு, "போடா."

காலைத் தூக்கவில்லை. வெளிப்பக்கமாகப் போனேன். வண்டி சுவரைப் பார்த்துச் சறுக்கியது, சறுக்கல் நின்றது, சிவப்பு வண்டிக்குப் பக்கத்தில் வந்தது. கோட்டைத் தாண்டும்போது அரை வண்டி முன்னால் இருந்தேன்.

ஆறு.

முதலாளி கொட்டகையிலிருந்து வெளியே வந்து என்னைக் கட்டிக்கொண்டார். அடுத்த வருஷமும் நீதான் என்றார். பிறகு மாமாவிடம் போய், வாத்தியார் கட்டாயம் வரணும், ஆனா ஒரு வார்த்தையை மட்டும் மறந்துடணும் என்றார். மாமா, காலை ஆறிலிருந்து எட்டுவரை கிளாஸ் இருக்கு, அதுக்கு அப்புறம் பந்தயம் வச்சுக்கிட்டா வரேன் என்றார்.

சிவப்பு வண்டிக்காரர்கள் அலுவலகத்தில் புகார் கொடுத்திருந்தார்கள். எங்கள் ரேடியோவை ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த அவர்களுடைய ஆள், கடைசிச் சுற்றில் சிரித்ததில், பின்னால் வண்டி வருகிறது என்று சொல்ல மறந்துவிட்டாராம். அலுவலகம் புகாரை ஏற்கவில்லை. டா போடுவது விதிகளில் எங்கும் தடை செய்யப்படவில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள்.

கிளம்பும்போது மெக்கானிக் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சுவர் ஓரத்தைக் காட்டினார். மாமாவின் நாற்காலிக்கு முன்னால் தரையில் ஒரு இடம் பளபளவென்று தேய்ந்திருந்தது.

"ஒவ்வொரு வளைவுக்கும் பிரேக் பிடிச்சாரு. தரையில பிரேக் இல்ல சார்னு ரெண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். கேக்கல." மெக்கானிக் குரலைத் தாழ்த்தினார். "கடைசி வளைவுல மட்டும் காலைத் தூக்கி நாற்காலி மேல வச்சுக்கிட்டாரு."

மாலையில் மாமாவை என் காரில் அழைத்துப் போனேன். முப்பத்தெட்டில் ஓட்டினேன். என் காரில் அவர் பக்கம் பிரேக் கிடையாது. அது அவருக்குத் தெரியும், அவர் காலுக்குத் தெரியாது. ஒவ்வொரு முக்கிலும் மிதித்துக்கொண்டே வந்தார். பாதி வழியில், "மாப்பிள்ளை, நான் அந்த மாதிரி பேசினதை..." என்று ஆரம்பித்தார்.

"நல்லா கேட்டுச்சு மாமா."

"மரியாதை இல்லாம..."

"தெளிவா கேட்டுச்சு."

அடுத்த முக்கில் அவர் மறுபடி தரையை மிதித்தார்.

அவர் வீட்டு வாசலில் நிறுத்தினேன். பதினொரு மாதமாக அந்த வாசலோடுதான் திரும்புகிறேன். மாதம் ஒருமுறை மருந்துக் கடைக்குக் கூட்டிப் போவேன், கேட்டில் இறக்கிவிடுவேன், எஞ்சினை அணைக்க மாட்டேன். உள்ளே அவள் படுத்திருந்த அறை ரோட்டைப் பார்த்து இருக்கிறது. மாமாவும் உள்ளே கூப்பிட்டதில்லை. கூப்பிட்டால் நான் என்ன சொல்வேன் என்று அவருக்குத் தெரியும்.

அவர் இறங்கினார். பையை எடுத்தார். நோட்டை என் பக்கத்து இருக்கையில் வைத்தார். கதவைச் சாத்திவிட்டு, வழக்கம்போல் குனிந்து, ஜன்னல் வழியாகச் சொன்னார்.

"பார்த்துப் போயிட்டு வாங்க."

எஞ்சினை அணைத்தேன். சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

மாமா கேட்டுக்குப் பக்கத்தில் திகைத்து நின்றார். "என்ன மாப்பிள்ளை? எதையாவது விட்டுட்டீங்களா?"

"வாங்கன்னு சொன்னீங்களே."

"நான் போயிட்டுத்தானே..." என்று தொடங்கியவர் நிறுத்தினார். பையில் சாவியைத் தேடினார். கொஞ்ச நேரம் கிடைக்கவில்லை.

"வாங்க," என்றார்.